கிள்ளான் காடிகளின் கம்பிவலை

எங்கள் வீட்டின் முதல் காடி ஒரு புரோட்டோன் வீரா. 2004இல் அண்ணன் அதை செகண்ட் ஹேண்டாக வாங்கினான். வாங்கிய மறுமாதமே முன் பம்பரைக் கழற்றிவிட்டான்.

கிள்ளானில் ஒரு கடைவரிசைக்குப் பின்னால், சந்துக்குள் தகரக் கூரை போட்ட பட்டறை அது. தரையில் மிட்சுபிஷி இவோ த்ரீயின் பம்பர் கிடந்தது. பெரிய பெரிய வாய்கள், உள்ளே ஒன்றுமில்லை. பட்டறைக்கார அண்ணே அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அந்த வாயின் அளவுக்கு வெட்டினார். அட்டையை அலுமினிய வலைமேல் வைத்து, சுற்றிலும் ஒரு விரற்கடை கூடுதலாக விட்டுக் கத்தரித்தார். ஓரத்தை மடித்து, பம்பரின் பின்பக்கமாகப் பொருத்திப் பசை போட்டார். அதற்கு முன்பே வலைக்குக் கருப்புச் சாயம் அடித்திருந்தார். "வலை தெரியக்கூடாது தம்பி, ஓட்டைதான் தெரியணும்."

அப்பா வந்து பார்த்தார். "கோழிக்கூண்டு மாதிரி இருக்கு. எதுக்குடா இந்த பந்தா?"

வலை முதலில் பந்தாவுக்காக வந்ததல்ல. 1923இல் பிரான்சில் முதல் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் நடந்தது. ஜான் டஃப், ஃபிராங்க் கிளமெண்ட் இருவரும் மாறி மாறி ஓட்டிய பெண்ட்லியின் முன்விளக்கை ஒரு கல் உடைத்தது. இன்னொரு கல் பெட்ரோல் தொட்டியை ஓட்டை போட்டது. மறு ஆண்டு விளக்குகளுக்குக் கம்பிவலை கட்டிக்கொண்டு வந்தார்கள், ஜெயித்தார்கள். கிள்ளானிலும் கல்லுக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்துக்குப் போகிற லோரிகளின் பின்னால் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பம்பர் வாய்க்கு நேர் பின்னால் இருப்பது ஏர்கோனின் கண்டென்சர். அதன் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே மடங்கும்.

ஆனால் அண்ணன் வலை போட்டது கல்லுக்குப் பயந்து என்று சொன்னால் அவனே சிரிப்பான். முதலில் அவன் வாங்கி வந்தது கொசுவலை மாதிரி நெருக்கமானது. பார்க்க அழகுதான். பெடரல் ஹைவே ஜாமில் ஏர்கோன் போட்டபோது டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. கண் சிறுக்கச் சிறுக்க கம்பி அடைக்கிற இடம் கூடும், காற்று நுழையச் சிரமப்படும். பட்டறைக்கார அண்ணே திட்டிக்கொண்டே அதைப் பிடுங்கிவிட்டு, பெரிய கண் வைத்த சாய்சதுர வலையைப் போட்டார்.

வீராவில் ஜப்பான் பம்பர் ஏன் அப்படிச் சுலபமாக உட்காருகிறது? 1993இல் வந்த வீரா, அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. இவோவின் முதல் மூன்று தலைமுறைகளும் அதே லான்சர் உடம்புதான். ஜப்பானில் கழித்த காடிகளை நடுவில் அறுத்து, முன்பாதியை இஞ்சினோடு கப்பலில் ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் ஹாஃப் கட். இறங்குகிற இடம் போர்ட் கிள்ளான். ராட்சசப் பந்தயக் காடி ஒன்றின் முகம், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற தோட்டப்புறத்துப் பையனின் வீராவுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான்.

தோட்டப்புறம் என்று சொல்லிவிட்டேன். தாத்தா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் காலத்தில் எதிரே துரையோ கிராணியோ வந்தால் சைக்கிளில் இருந்து இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும். கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது, கள்ளுக்கடைகளை மூடுவது இருந்தது. கூடவே இதுவும் இருந்தது: துரைமார், கிராணிமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது. நாதனை மே மாதம் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இராணுவத்தை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

அந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கூலியைவிட சைக்கிள்தான் மனதில் நின்றது. தாத்தாவிடம் கேட்டதில்லை. கேட்கிற வயது எனக்கு வரும்போது அவர் இல்லை. அப்பாதான் சொன்னார்: "இறங்கி நிக்கிறது மட்டும் இல்லடா. தலைய வேற குனிஞ்சுக்கணும்."

1941க்கும் அண்ணனின் பம்பருக்கும் நேர்க்கோடு போட்டால் அது பொய். அவனுக்கு ஆர். எச். நாதன் யாரென்றே தெரியாது. எனக்கு சந்தேகம் அப்பாவின் கேள்வி மேல்தான். ரோட் பிளாக்கில் டார்ச் அடித்தால் முதலில் முன்பக்கத்தைத்தான் பார்ப்பான், எதுக்கு வம்பு என்பார். கண்ணில் படாமல் இருப்பதே பத்திரம் என்பதை அவர் யாரிடம் கற்றார்?

புரோட்டோன் தொடங்கியது 1983இல். முதல் சாகா 1985 ஜூலையில் வந்தது. ஆலை ஷா ஆலாமில். ஷா ஆலாம் எழும்புவதற்கு முன் அந்த நிலம் சுங்கை ரெங்கம் தோட்டம். ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் நகரம் வந்தது, காடி வந்தது. தோட்டத்து வீட்டை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களில், பிள்ளை தன் பெயரில் வாங்கிய முதல் பெரிய பொருள் பெரும்பாலும் தவணையில் எடுத்த அந்தக் காடிதான். அதன் முகத்தை அவன் தன் இஷ்டத்துக்கு மாற்றினான்.

அண்ணன் கல்யாணமாகி சிரம்பானுக்குப் போனபோது வீராவை அப்பாவிடம் விட்டுப் போனான். பழைய பம்பர் வீட்டுக்குப் பின்னால் இன்னும் சாய்ந்து கிடந்தது. மாட்டித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் உட்கார்ந்து, பழைய பல்துலக்கியால் வலையில் சிக்கிய பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருப்பார். "கோழிக்கூண்டு" என்று முனகிக்கொண்டே.