புள்ளினங் காட்டிய கயிலை

உயிரினங்களை உற்றுநோக்கி அவற்றின்வழி இறைவனியல்பை உணர முயல்வது பல நாட்டினரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ரீங்காரச் சிட்டு, மலர்முன் அந்தரத்தே நின்று சிறகடித்துத் தேனுண்ணக் கண்டு, அதனின்று ஆன்மபாடம் பெறுவார் ஆண்டு உளர். நம் செந்துறைப் பக்கத்துத் தோட்டங்களில் அவ்வாறு தேனுண்டு வாழ்வது தேன்சிட்டு. கருநீல ஒளி வீசுஞ் சேவலும் மஞ்சட் சாயலுடைய பெடையுமாக அவை மலர்தோறும் இணைந்து திரிதலை யாவரும் காண்பர். இத்தகைய காட்சி உயிரை உலகின்பத்திற் பிணிப்பதோ, சிவத்தின்பால் உய்ப்பதோ என்பது சைவர் ஆராய்தற்குரிய வினாவாம். அதற்கு விடையாகும் வரலாறு, செந்துறைக்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள திருவையாற்றில் நிகழ்ந்தது.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு நாயனார், முதுமையிற் கயிலைக் காட்சியை விழைந்து வடதிசை சென்றார். தாள்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். கைகளுந் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார், பின்னர் உடலாற் புரண்டார். உறுப்பெல்லாம் ஓய்ந்து கிடந்தவர்முன் முனிவராய்த் தோன்றிய இறைவன், மானுடர்க்குக் கயிலை எய்தற்கரியது, மீள்க என்றான். காணாது இவ்வுடல்கொண்டு மீளேன் என அவர் மறுத்தனர். ஆங்குள்ள பொய்கையில் மூழ்கி ஐயாற்றில் அக்காட்சியைக் காண்க என்று அருள் பிறந்தது. இவ்வாறு 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் விரித்துரைத்தனர். ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் இக்காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகின்றது.

இனி, நாயனார் தாமே அருளியது நான்காந் திருமுறையின் மூன்றாம் பதிகம். வடதிசைச் செலவும் பொய்கையும் அதன்கண் வெளிப்படக் கூறப்பட்டில. பூவும் நீருஞ் சுமந்து திருக்கோயில் புகும் அடியார்பின் தாமும் புகுந்தமையே கூறப்படுகின்றது. அப்போது களிறு, கோழி, குயில், மயில், பகன்றில், நாரை, கிளி, ஏறு முதலியன தத்தந் துணையொடு வரக் கண்டு, அங்கே இறைவன் திருவடி கண்டதாகப் 11 பாடல்களிலும் நாயனார் அருளுகின்றார்.

இவற்றுள் கோழியும் கிளியும் நாடோறும் காணப்படுவன. துறவு நெறியில் முதிர்ந்த நாயனாரும் அவற்றை முன்னரே கண்டிருப்பர். புட்கள் மாறவில்லை, காணுங் கண்ணே மாறிற்று. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருப்பினும் ஞாயிற்றின் ஒளியின்றிக் காணாதவாறுபோல, உயிரும் திருவருளின்றி மெய்ப்பொருளைக் காணாது என்பது சித்தாந்தத் துணிபு. அருளொளி கூடியவழி, பெடையொடு கூடிய சேவல் காமக் காட்சியாகாது, சத்தியொடு பிரிவின்றி நிற்குஞ் சிவத்தின் காட்சியாயிற்று.

இவ்வுண்மையை வலியுறுத்துவதொன்று அரியலூர் மாவட்டத்திலேயே உளது. 2024-ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பட்ட கரைவெட்டி ஏரிக்கு, வரித்தலை வாத்துக்கள் இமயத்தைக் கடந்து பனிக்காலத்தே வருகின்றன. நாயனார் திருவடி தேய்ந்தும் கடக்கலாகாத மலையை அவை ஆண்டுதோறும் சிறகாற் கடக்கின்றன. ஆயினும், மலையைக் கடந்தமை பற்றி அவை கயிலையைக் கண்டனவல்ல. கடவாத நாயனாரோ ஐயாற்றிலேயே கண்டனர். ஆதலின் கயிலைக்கு வழி தொலைவன்று, அருளே என்பது பெறப்படும்.

அவ்வருளுக்கு வாயில் தொண்டு. நாயனார் புட்களைத் தேடித் திரிந்தவரல்லர். பூவும் நீரும் ஏந்தினார்பின் சென்றவர். அவ்வாறு சென்று பழகிய கண்ணுக்குச் செந்துறைத் தேன்சிட்டின் ஓரிணையே சாலும். அவ்வழியிற் செல்லாத கண்ணுக்கு இமயத்துப் புள்ளும் வெறும் புள்ளே என்று அன்பர்கள் உய்த்துணர்வாராக.