நீரெடுத்தல்: ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு

வயிற்றில் தேங்கிய நீரை ஊசியால் வெளிப்படுத்தும் முறைக்கு மேனாட்டு மருத்துவர் வழங்கும் பெயர் பராசென்டீசிஸ் என்பதாகும். அதன் ஈற்றுறுப்புக் கிரேக்க மொழியில் குத்துதல் எனப் பொருள்படும். ஆங்கிலேயரின் பேச்சுவழக்கான 'டெப்' என்பதோ பீப்பாயிலே குழாய் செருகி மது வடிப்பதிலிருந்து வந்தது. கந்தப்பளைத் தோட்டத்து மக்கள், "வயித்துல தண்ணி எடுத்தாங்க" என்பர். கிரேக்கர் ஊசியைக் கண்டனர். நம்மவர் நீரையே கண்டனர் எனலாம்.

இம்முறை நமக்கு மேனாட்டார் தந்த புதுமையன்று. சுசுருத சங்கிதை இதனை விரிவாகக் கூறுகின்றது. கொப்பூழின் கீழே, இடப்புறமாக நான்கு விரல் விலகி, நெல்மணி போன்ற முனையுடைய கருவியாற் குத்தி, உலோகக் குழாயையோ இறகின் காம்பையோ பொருத்தி நீரை வடிக்க வேண்டும். பின் வயிற்றை இறுகக் கட்ட வேண்டும். ஒரே நாளில் நீர் முழுவதையும் எடுத்தலாகாது என்னும் எச்சரிக்கையே இதிற் பெரிதும் நோக்கற்பாலது. ஐந்து லீற்றருக்கு மேல் எடுக்குங்கால் குருதியோட்டம் தளராதிருக்க அல்புமினை நாளத்தில் ஏற்றும் இன்றைய மருத்துவரும் அவ்வச்சத்தையே உடையவராவர். நோய்க்குத் தமிழ் மருத்துவம் வழங்கிய மகோதரம், பெருவயிறு என்னும் பெயர்கள் நிலைத்தன. செயலுக்கு அத்தகைய உறுதியான பெயர் ஒன்று நிலைபெறவில்லை.

மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என்று காட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய இவ்வமெரிக்கர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் நாடுதல், அது கிடையாதவிடத்து வடமொழி, அதுவும் உதவாவிடின் ஆங்கிலத்தைத் தமிழ் ஒலிக்கமைய எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட நெறி. இம்மூன்றாம் வழியிற் பிறந்ததே 'கெமிஸ்தம்'. (இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றினும் அன்று அது மாணவர்க்குப் பயன்பட்டதை மறத்தலாகாது.)

இருபதாம் நூற்றாண்டிற் கலைச்சொல்லாக்கியோர் கிரேக்கத்தை அடியொற்றித் 'துளைப்பு' என்பதைக் கையாண்டனர். கருவறை நீரைச் சோதனைக்காக எடுப்பது பனிக்குடத் துளைப்பு ஆயிற்று. சொல் பிழையன்று. ஆயினும் துளைப்பு என்றவுடன் நோயாளி கேட்பது காயத்தையேயாகும். நீர் எடுக்கப்படுவதும், அதனால் மூச்சு இலகுவாவதும் அச்சொல்லில் இல்லை.

தேயிலைத் தோட்டங்களில் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. கொக்கிப்புழுவால் இரத்தம் வற்றி உடல் வீங்கிய தொழிலாளர் பலராயிருந்தனர். ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைப் பகுதியில் அந்நோயை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. அவ்வீக்கம் ஊசியாற் தீர்வதன்று. புழுவை அகற்றினாலே தீரும். ஆகவே யாருக்கு நீரெடுக்க வேண்டும், யாருக்கு வேண்டா என்பதை நோயாளிக்கு விளக்கியாதல் வேண்டும். 1956இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னரே தமிழும் அந்நிலை பெற்றது. ஒப்பமிடுவோர் தாம் எதற்கு இசைகிறோம் என்பதை அறியாது இசைதல் இசைவாகாது.

எனவே 'நீரெடுத்தல்' என்பதையே கலைச்சொல்லாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. 'நீரகற்றல்' நோய்தணிக்க வடிப்பதற்கு மட்டுமே பொருந்தும். சோதனைக்காகச் சிறிது எடுப்பதற்குப் பொருந்தாது. நீரெடுத்தலோ இரண்டையும் தழுவும். வயிற்று நீரெடுத்தல், நெஞ்சறை நீரெடுத்தல், மூட்டு நீரெடுத்தல் என உறுப்பின் பெயரை முன்னிறுத்தினாற் போதும். கிறீனின் முதல் விதிக்கும் அது இணங்கும். கந்தப்பளையில் அதற்கு அகராதியும் வேண்டா.