பரணில்லாத ஊரில் பழைய கதை

திருப்பூரிலிருந்து பல்லடத்துக்குச் செல்லும் சாலையில், பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நடுவே வளர்ந்த அருள்புரத்தில், பழைய பத்திரிகைக் கதைகளைப் பற்றிய சிந்தனைக்கு இடம் ஏது என்று வெளியூரார் நினைக்கக்கூடும். ஆனால் தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, லைன் வீடுகளில் குடியேறி, கட்டிங் மேஜையிலும் ஓவர்லாக் மெஷினிலும் தம் இளமையைச் செலவிட்டவர்களுள் பலர், வாரப் பத்திரிகையைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தவர்கள். டீ வேளையில் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தால், “ஒரு கதைங்க, பேரு ஞாபகமில்லீங்க, எழுதினவரும் தெரியலீங்க, ஆனா அதுல வர்ற மெஷினு மனுசனையே கேள்வி கேக்குமுங்க” என்று யாரேனும் ஒருவர் ஆரம்பிப்பார், அந்தக் கதை எது என்ற விசாரணையில் டீ ஆறிப்போகும்.

இத்தகைய விஞ்ஞானக் கதைகள் ஏன் தலைப்பும் ஆசிரியர் பெயருமின்றி ஞாபகத்தில் மட்டும் எஞ்சின என்பதை அறிய, தமிழ்க் குடும்பங்கள் பத்திரிகைகளைப் பேணிவந்த முறையை நோக்க வேண்டும். 1926-இல் ஆனந்த விகடனும், 1941-இல் கல்கியும், 1947-இல் குமுதமும் தோன்றி, வாசிப்பு என்பது வீட்டுக்கு வீடு நிகழும் வாராந்தரச் சடங்காகிவிட்ட காலத்தில், தொடர்கதையின் பக்கங்களை மட்டும் இதழிலிருந்து பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் வரிசைப்படுத்தி, பைண்டரிடம் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வைத்துக்கொள்ளும் சம்பிரதாயம் ஒன்று நிலைபெற்றது. 1950 அக்டோபரில் கல்கியில் ஆரம்பமான ‘பொன்னியின் செல்வன்’, மணியத்தின் சித்திரங்களோடு எத்தனையோ வீடுகளில் இவ்வாறுதான் தலைமுறை தாண்டி வந்தது. அந்த உழைப்பும் சிரத்தையும் போற்றத் தக்கவையே. ஆயினும் ஒரே இதழில் தொடங்கி அதே இதழில் முடிந்துவிடும் சிறுகதைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தொடர்கதை பிரிக்கப்பட்ட பின் எஞ்சிய தாள்கள் எடைக்குப் போய், மளிகைக் கடையில் பொட்டலமாயின. தொடர்கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் அச்சாகியிருந்த காரணத்தால் ஒரு சிறுகதையின் கடைசிப் பக்கம் மட்டும் பைண்டுக்குள் புகுந்து தப்பியிருப்பதும், அதன் தலைப்பும் தொடக்கமும் என்றைக்குமாய்த் தொலைந்திருப்பதும் பழைய பைண்டுகளைப் புரட்டியவர்கள் கண்டறிந்த துக்கம்.

அருள்புரம் போன்ற ஊரில் இந்த இழப்பு இரட்டிப்பாயிற்று. பல்லடம் பக்கத்துப் பழைய தோட்டத்து வீடுகளில் பரண் உண்டு. பரணில் தகரப் பெட்டி உண்டு. பெட்டியில் பைண்டு உண்டு. வாடகை அறைக்குப் பரண் ஏது? வீடு மாறும்போது துணிமணியையும் பாத்திரங்களையும் எடுத்துச் சென்றவர்கள் காகிதக் கட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டுத்தான் சென்றார்கள். அவர்கள் மீது குற்றம் சொல்ல நான் துணியேன். கதைகளுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே நூலகம் அவர்களுடைய நெஞ்சம்தான்.

இயந்திர நாய் வருகிற கதை என்று ஒருவர் சொன்னால் தேட வேண்டியதில்லை. அது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ. விகடனில் தொடராக வந்து, புத்தகமாகி, தொலைக்காட்சியிலும் இடம்பெற்ற படைப்பு அது. சிறுகதையின் கதி வேறு. ரோபாட்டோ, விண்கலமோ, எதிர்கால நகரமோ வருகிற எந்தக் கதையையும் சுஜாதா எழுதியது என்றே நம் வாசகர் சொல்லிவிடுகிறார்கள்; யார் பாடினார் என்று தெரியாத தனிப்பாடல்களெல்லாம் ஔவையார் பேரிலும் காளமேகத்தின் பேரிலும் போய்ச் சேர்ந்த வழக்கத்தை இது ஒத்திருக்கிறது. அந்த மதிப்பு சுஜாதாவுக்கு உரியதே. ஆனால் அதன் நிழலில், ஒன்றிரண்டு நல்ல விஞ்ஞானக் கதைகளை எழுதி ஓய்ந்துபோன மற்றவர்கள் பெயரிழந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சுஜாதாவே இந்த இழப்புக்கு ஆளானவர். அவருடைய முதற்கதை 1953-இல் திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திவந்த ‘சிவாஜி’ இதழில் பிரசுரமாயிற்று. அந்த இதழின் பிரதி யாரிடமேனும் உண்டா என்று அவர் பிற்காலத்தில் எழுத்திலேயே கேட்டிருக்கிறார். தமிழ் விஞ்ஞானக் கதைக்கு முகவரி தந்த ஆசிரியரே தம் முதற்கதையைத் தேட நேர்ந்தது என்றால், சாமானிய வாசகர் எம்மாத்திரம்!

இந்த மறதி தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1956-இல் வெளிவந்த ஐசக் அசிமோவின் ‘கடைசிக் கேள்வி’ என்ற சிறுகதையின் பெயரையோ, சில வேளைகளில் ஆசிரியரையோகூட நிச்சயமாகச் சொல்ல இயலாமல் வாசகர் பலர் அவரிடமே விசாரித்திருக்கிறார்கள். தொலைதூரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்த ஒருவர் பேச்சை முடிக்குமுன்பே, தேடுவது எந்தக் கதை என்று தாம் சொல்லிவிட்டதாக அசிமோவ் எழுதுகிறார். பிரபஞ்சம் அணைந்துபோகும் காலத்தில் ஒரு மகா கணிப்பொறி விடை காணும் அக்கதையின் முடிவு அனைவர் மனத்திலும் நின்றது, தலைப்பு நிற்கவில்லை. நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ், தலைக்கு இடும் தைலத்தால் புயலை அடக்கும் கதையை 1896-இல் வங்காளியில் எழுதினார். 1921-இல் அதைத் திருத்தித் தம் நூலில் சேர்த்ததால் அது நிலைத்தது. எழுத்தாளர் ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’, பெண்கள் ஆளும் நாட்டில் சூரிய வெப்பத்தால் காரியங்கள் நடப்பதைக் கற்பனை செய்த அந்த அற்புதமான கதை, 1905-இல் முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையில், ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில மாத இதழில்தான். மூன்றாண்டுகளில் அது நூலாயிற்று, ஆகவே பிழைத்தது.

ஞாபகத்தில் நிற்பது ஒரு காட்சி மட்டுமே எனில், அக்காட்சியைக் கொண்டே தேட வேண்டும். குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் புலவரின் இயற்பெயர் தெரியாதபோது, பாட்டில் ஒளிவிடும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கிப் பாடலைக் காத்தார்கள். அந்த மரபில் வந்த நாம், கதையின் காட்சியோடு, அதற்கு வரைந்த சித்திரக்காரர் யார், இதழில் என்ன விளம்பரம் இருந்தது, அது தீபாவளி மலரா வார இதழா, அதை வாசித்தபோது எந்தக் கம்பெனியில் வேலை செய்தோம் என்பதையெல்லாம் சேர்த்துக் குறித்தால், ஆண்டு ஓரளவு பிடிபடும். ஆண்டு பிடிபட்டால் வழி உண்டு. 1954-இல் இயற்றப்பட்டு 1956-இல் பத்திரிகைகளையும் உள்ளடக்கித் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பிரசுரங்களின் பிரதிகள் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குச் சென்றுசேர வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்துவைத்த, ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிற அச்சுப் பொருள்களும் கொண்ட பெருந்திரட்டு, 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்திலும் அரிய இதழ்கள் உண்டு. கோவையிலிருந்து பல்லாண்டு வெளிவந்த ‘கலைக்கதிர்’ அறிவியல் இதழை நம் பக்கத்துப் பள்ளி நூலகங்களிலேயே முதலில் விசாரிக்கலாம்.

திருப்பூர், பல்லடம் வட்டாரத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பைண்டு ஒன்று இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு தாளின் மறுபக்கத்தையும் பாருங்கள். அங்கே துண்டாய் நிற்கும் கதையின் பக்கத்தில் இதழின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி, அருகிலுள்ள கிளை நூலகத்தில் ஒப்படையுங்கள்.