சாதகமில்லை

1945 ஆகஸ்ட் 14. ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தாயிற்று. சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தாயிற்று. டோக்கியோவில் மந்திரிசபை ஒரு வாக்கியத்தைப் பற்றித் தர்க்கித்துக்கொண்டிருந்தது. போரை முடிக்கும் சக்கரவர்த்தியின் பிரகடன நகலில், போர்நிலை நாளுக்கு நாள் மோசமாகிறது என்ற பொருளில் ஒரு வரி. ராணுவ மந்திரி அனாமி அதை ஒப்பவில்லை. மாற்றக்கூடாது என்றார் கடற்படை மந்திரி யோனாய். கடைசியில் அனாமியின் பாடமே நின்றது: போர்நிலை சாதகமாகத்தான் திரும்பியது என்று சொல்வதற்கில்லை.

எதிர்மறையால் குறைத்துச் சொல்லும் இந்த அணிக்கு மேனாட்டு அணிநூல்களில் லிட்டோடிஸ் என்று பெயர். இதை அடக்கத்தின் அடையாளம் என்பது வாத்தியார்களின் வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. 'மோசம்' என்றால் மோசமாக்கியது யார் என்ற கேள்வி கூடவே வரும். 'சாதகமில்லை' என்கிறபோது செய்தவனே கிடையாது. ஏதோ காற்று திசைமாறிவிட்ட மாதிரி. அதுவரை வெளியிட்ட வெற்றிச் செய்திகளையும் பொய்யென்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எதிர்மறை இங்கே அடங்கிப் பேசவில்லை, ஒளித்துவைக்கிறது.

மறுநாள் நண்பகல், முந்தின இரவு இசைத்தட்டில் பதிந்த ஹிரோஹிட்டோவின் குரல் வானொலியில் வந்தது. 'சரணடைதல்' என்ற சொல் அதில் இல்லை. அரண்மனை நடை பலருக்கு விளங்கவுமில்லை. அறிவிப்பாளர் மறுபடி வாசித்தார். அனாமி கேட்கவில்லை. விடிகாலையிலேயே வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்துபோயிருந்தார்.