இணையப் படிவத்தில் இடும் கையொப்பம் சட்டப்படி செல்லுமா?

காப்புறுதி, வீட்டு வாடகை, தொலைபேசிச் சேவை, வேலை நியமனக் கடிதம் எனப் பல பத்திரங்கள் இன்று கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகின்றன. பெயரைத் தட்டச்சு செய்து அல்லது திரையில் விரலால் எழுதி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தைத் தட்டினால் வேலை முடிந்தது. பேனாவால் எழுதாத எதுவும் கையொப்பம் ஆகாது என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் பலர் உள்ளனர். மலேசியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டு மின்னியல் வர்த்தகச் சட்டம் (சட்டம் 658), வர்த்தக நடவடிக்கைகளில் மின்னியல் கையொப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. மின்னியல் வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று ஒதுக்க முடியாது. அரசாங்க அலுவலகங்களுடனான மின்னியல் நடவடிக்கைகளுக்கு 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டம் (சட்டம் 680) இயற்றப்பட்டது.

கையொப்பம் செல்வதற்குச் சட்டம் மூன்று நிபந்தனைகளை வைக்கிறது.

1. அது அந்தப் பத்திரத்துடன் இணைந்திருக்க வேண்டும்.
2. கையொப்பமிட்டவர் யார் என்பதையும், அவர் அந்த விவரங்களுக்குச் சம்மதித்தார் என்பதையும் போதிய அளவு காட்ட வேண்டும்.
3. அந்தக் காரியத்துக்கு ஏற்ற அளவு நம்பகமானதாக இருக்க வேண்டும்.

கையொப்பமிடும் வழி கையொப்பமிடுபவரின் கட்டுப்பாட்டில் மட்டுமே இருந்ததா, பிறகு பத்திரத்தில் ஏதும் மாற்றப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பவை நம்பகத்தன்மையை முடிவு செய்கின்றன.

குறுஞ்செய்தியும் சாட்சியே

வாங்கிய கடனை ஒப்புக்கொண்டு அனுப்பப்பட்ட ஒரு குறுஞ்செய்தி, எழுத்துப்பூர்வமான, கையொப்பமிட்ட ஒப்புதலாகக் கருதப்படலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. கடன் வழக்குகளுக்குப் பொதுவாக 6 ஆண்டு கால வரம்பு உண்டு. கடனை ஒப்புக்கொள்ளும் ஒரு செய்தி அந்தக் காலத்தை மீண்டும் புதிதாகத் தொடங்கி வைக்கும். ‘கொடுத்து விடுகிறேன்’ என்று அனுப்பும் ஒரு வரியைக்கூட யோசித்தே அனுப்ப வேண்டும்.

இலக்கவியல் கையொப்பம் வேறு

1997ஆம் ஆண்டு இலக்கவியல் கையொப்பச் சட்டம் (சட்டம் 562) கூறுவது இன்னும் கடுமையான ஒரு வகை. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் வழங்கும் சான்றிதழைக் கொண்டு அது இடப்படுகிறது. அது கையால் இட்ட கையொப்பத்துக்குச் சமமாகக் கட்டுப்படுத்தும். பெயரைத் தட்டச்சு செய்வதும் கட்டத்தைத் தட்டுவதும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனாலும் மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால் அவையும் செல்லும்.

எவற்றுக்குச் செல்லாது?

2006ஆம் ஆண்டுச் சட்டம் உயில், அதிகாரப் பத்திரம், அறக்கட்டளைப் பத்திரம், காசோலை போன்ற மாற்றுமுறைப் பத்திரங்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. முஸ்லிம் அல்லாதோரின் உயில் எழுத்தில் இருந்து, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும். வீடு, நிலத்தைப் பெயர் மாற்றும் 14ஏ பாரத்திலும், சட்டப்படி சாட்சியமளிக்கத் தகுதி பெற்ற வழக்கறிஞர் போன்றோரின் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். ‘சொத்துப் பத்திரத்தை வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டியவை

தோட்டத்திலும் தாமானிலும், படிவம் நிரப்பத் தெரியாத முதியோர் அடையாள அட்டையையும் கைத்தொலைபேசியையும் வேறொருவர் கையில் கொடுத்துவிடுவது வழக்கமாக உள்ளது. உங்கள் சம்மதமின்றி மற்றவர் தட்டியது உங்கள் கையொப்பம் ஆகாது. ஆனால் உங்கள் எண்ணுக்கு வந்த தாக் குறியீடும் உங்கள் அடையாள அட்டை எண்ணும் அதில் பதிவாகியிருந்தால், ‘நான் இல்லை’ என்று காட்டுவது எளிதல்ல.

* படிவம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு தொகை, தவணை, அபராதம் ஆகிய பகுதிகளை முதலில் வாசித்துக் கேளுங்கள்.
* தாக் குறியீட்டை யாரிடமும் சொல்லாதீர்கள். தட்டும் வேலையை நீங்களே செய்யுங்கள்.
* கையொப்பமிட்ட பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். திரையைப் படம் பிடித்து, தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.
* இணையத்தில் கையொப்பமிட விருப்பமில்லை என்றால் காகிதப் படிவம் கேட்கலாம். மின்னியல் முறையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நீங்களாகவே இணையத்தில் நிரப்பி அனுப்பினால், அதுவே சம்மதமாகக் கொள்ளப்படலாம்.

மோசடியில் பணம் போய்விட்டால் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைத்து, போலீஸ் புகாரும் செய்யுங்கள். வாங்கிய பொருள், சேவை தொடர்பாக 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே தொடரலாம். வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாதோர் சட்ட உதவித் துறையை அணுகலாம்.