வாளிப் பாலும் கூலிக் கணக்கும்: இரப்பர் தோட்டம் சொல்லும் கலவைப் பாடம்

கலவை என்றதும் மாணவர்கள் மணலையும் உப்பையும்தான் எழுதுவார்கள். மலாக்காத் தமிழர்களின் வரலாற்றிலேயே ஒரு கலவை இருக்கிறது. அதுதான் இரப்பர் பால்.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி ஊக்குவிக்க, 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள் பால்மரம் சீவினார்கள்.

இரப்பர் பால் ஒரு கூழ்மம். நீரில் மிக நுண்ணிய இரப்பர் துகள்கள் மிதக்கின்றன. பாலை வடிகட்டினால் மரப்பட்டைத் துண்டு நிற்கும், இரப்பர் நிற்காது. துகள்களின் மேல் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். பார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த மின்னேற்றம் நடுநிலையாகி, துகள்கள் ஒட்டிப் பால் உறையும். அம்மோனியா சேர்த்தால் உறையாது. மங்கைக் கழுவாமல் விட்டால் பாக்டீரியாவே அமிலத்தை உண்டாக்கி, பாலைக் கட்டிப்பாலாக்கிவிடும். அதற்கு விலை குறைவு.

இனி கூலிக்கு வருவோம். 10 கிலோ பாலில் 35 விழுக்காடு இரப்பர் என்றால் உலர்ந்த இரப்பர் 3.5 கிலோ. மழையில் 2 கிலோ நீர் கலந்தால் வாளி 12 கிலோ காட்டும். ஆனால் இரப்பர் அதே 3.5 கிலோதான். அதனால் பல தோட்டங்களில் எடையோடு நிறுத்தாமல், மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்த்தார்கள்.

இங்கேதான் மாணவர்கள் குழம்புவார்கள். பசும்பால் நீரைவிட அடர்த்தி கூடியது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைந்து, மிதவை கீழே இறங்கும். இரப்பர் பாலோ நீரைவிட அடர்த்தி குறைந்தது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி கூடி, மிதவை மேலே எழும்பும்.

விடியற்காலையில் சீவி, வாளி சுமந்து வந்தவருக்கு எண்ணை வாசிக்கத் தெரியாவிட்டால், கிராணி சொன்னதுதான் கணக்கு. பால் எப்போது உறையும், எது தண்ணீர்ப்பால் என்று கைப்பழக்கத்தில் அறிந்தவருக்கும் அந்த அளவுகோல் அந்நியமாகவே இருந்தது.

கலவையின் இயற்பியல் பண்பு தேர்வுக்கு இரண்டு புள்ளி தரலாம். அன்று அதுதான் ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கைத் தீர்மானித்தது. ஆசிரியர்களே, அடர்த்தியைக் கற்பிக்கும்போது இந்த வாளியையும் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.