கற்ற கலையைக் கைவிடாத வில்லாளி: உக்பா இப்னு ஆமிர் (ரலி)

மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயருக்குள் ஒரு மல்லர் இருக்கிறார். பெரும் மல்லன் என்று பொருள்படும் ‘மாமல்லன்’ என்ற பட்டத்தைத் தாங்கிய முதலாம் நரசிம்மவர்ம பல்லவர் கி.பி. 630 முதல் 668 வரை ஆட்சி புரிந்தார். நம் செங்கல்பட்டுக் கடற்கரையில் அவருடைய ஆட்சி நடந்த அதே காலத்தில், எகிப்தில் ஒரு நபித்தோழர் கையில் வில்லோடு வாழ்ந்தார். உக்பா இப்னு ஆமிர் அல்ஜுஹனீ (ரலி) என்பது அவர் பெயர். பிள்ளைகளைச் சிலம்பத்திற்கும் கராத்தேவிற்கும் அனுப்பும் பெற்றோர் அறிய வேண்டிய வரலாறு அவருடையது.

உக்பா (ரலி) ஆடு மேய்த்தவர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த செய்தி எட்டியதும், மந்தையை விட்டுவிட்டு வந்து பைஅத் செய்தார். பயணங்களில் நபியவர்களின் வாகனத்தைப் பிடித்து நடத்திச் செல்லும் பணி அவருக்கு வாய்த்தது. அத்தகைய ஒரு பயணத்தில்தான் ஃபலக், நாஸ் ஆகிய இரு சூராக்களை நபியவர்கள் அவருக்குக் கற்பித்தார்கள். பின்னர் சுப்ஹுத் தொழுகையிலும் அவ்விரண்டையே ஓதிக் காட்டினார்கள். கற்பித்ததை உடனே செயலில் காட்டுவது அந்த ஆசானின் வழி. மாணவரும் அவ்வழியையே பற்றிக்கொண்டார்.

குர்ஆனை இனிய குரலில் ஓதுபவர், வாரிசுரிமைச் சட்டத்தில் தேர்ந்தவர், எகிப்து வெற்றியில் பங்கேற்ற வீரர் என வரலாற்றாசிரியர்கள் அவரைப் போற்றுகிறார்கள். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் எகிப்தின் ஆளுநராகவும் இருந்தார். வலிமையைத் திரட்டுமாறு கூறும் அன்ஃபால் சூராவின் 60ஆம் வசனத்தை மிம்பரில் ஓதி, அந்த வலிமை அம்பெய்தலே என நபியவர்கள் மும்முறை விளக்கியதை நமக்கு அறிவித்தவரும் இவரே.

முதுமையிலும் அவர் இரு இலக்குகளுக்கிடையே ஓடி ஓடி அம்பெய்து பயிற்சி செய்தார். ‘இந்த வயதில் இது உங்களுக்குச் சிரமமாயிற்றே’ என்ற கருத்தில் ஃபுகைம் என்பவர் வினவினார். நபியவர்களிடம் ஒரு சொல்லைக் கேட்டிராவிட்டால் இந்தச் சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டேன் என்றார் உக்பா (ரலி). அம்பெய்யக் கற்று, பின்பு அதைக் கைவிட்டவர் குறித்த கடும் எச்சரிக்கையே அந்தச் சொல். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. தக்க காரணமின்றிக் கைவிடுவது கடும் வெறுப்புக்குரியது என இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள்.

ஓர் அம்பினால் மூவர் சுவனம் புகுவர் என்ற செய்தியும் உக்பா (ரலி) வழியாகவே வந்துள்ளது: நன்னோக்கத்துடன் அதைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர். வில்லாளியின் பெருமை அவருக்கு மட்டும் உரியதன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆசான் கற்பிக்க முடியும்?

ஹிஜ்ரி 58இல் (கி.பி. 678) அவர் மறைந்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட விற்களை, அம்பறாத்தூணிகளோடும் அம்புகளோடும், அல்லாஹ்வின் பாதையில் வழங்குமாறு வஸிய்யத் செய்திருந்தார். அவர் தம் கையால் எழுதிய குர்ஆன் பிரதியும் எகிப்தில் நெடுங்காலம் போற்றப்பட்டது. வில்லும் முஸ்ஹஃபும் ஒரே கையின் உழைப்பு.

இன்று நாம் என்ன செய்கிறோம்? கோடை விடுமுறையில் பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்கிறோம். சான்றிதழும் பதக்கமும் வந்துவிட்டால் கம்பு பரணுக்குப் போகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் குர்ஆன் ஓதும் மதரஸாவும் நின்றுவிடுகிறது. வில்லைக் குறித்த எச்சரிக்கையைச் சிலம்பத்தின் மீது ஒரு தீர்ப்பாகவே சுமத்த நான் முனையவில்லை. ஆயினும் அதன் படிப்பினை பொதுவானது: கற்ற நற்கலை ஓர் அமானிதம், பயிற்சியால்தான் அதைக் காக்க முடியும்.

நாளொன்றுக்குக் கால் மணி நேரம் கம்பு சுழற்றவும், ஒரு பக்கம் குர்ஆன் ஓதவும் பிள்ளைகளைப் பழக்குவோம். பெற்றோரும் அருகில் அமர்ந்து ஓதினால் பிள்ளைகள் தாமே தொடர்வார்கள். கற்ற நன்மையை இறுதிவரை காக்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.